நோ-கோ பக்கத்து மார்ஜின்

எனக்கு ஓரகத்தி வாய்த்ததில் வருத்தமில்லை. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னைப் போலவே மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு, நான் வேலை செய்கிற பட்டறைக்கே வந்து சேர்ந்தாளே, அதுதான் வயிற்றெரிச்சல். ஏனாத்தூர் போகிற வழியில், வண்டிகளுக்குப் புஷ் என்கிற துளை போட்ட உலோக வளையம் கடைகிற பட்டறை. புஷ்ஷின் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கேஜை வடிவமைப்பது என் வேலை. டிசைன் இன்சார்ஜ் நாற்காலி காலியானதும் மனசுக்குள் அதில் உட்கார்ந்தே விட்டேன்.

கேஜ் ஒரு சின்ன உருளை. ஒரு முனை ‘கோ’, நல்ல துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை ‘நோ-கோ’, நுழையவே கூடாது. கேஜ் தேய்ந்தாலும் கெட்டது தப்பித்தவறியும் போய்விடக் கூடாதென்று இரண்டு பக்கமும் அளவை இறுக்கி மார்ஜின் வைப்பேன். அதனால் ஓரத்து அளவில் இருக்கிற நல்ல புஷ்களும் கழிவுப் பெட்டிக்குப் போகும். போனால் போகட்டும்!

ஓரகத்தி, முதலாளி முன்னாலேயே என்னைக் கேட்டாள்: “நோ-கோ பக்கம் உள்ள நுழையறதே இல்லியேக்கா, தேயறதுக்கு என்ன இருக்குது? அங்க எதுக்கு இவ்ளோ மார்ஜின்?”

“நல்லா கேட்டம்மா. நீயே ஒண்ணு வரைஞ்சு குடு. சரியா வந்தா நீதான் இன்சார்ஜ்” என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாழாய்ப்போன மண்டைக்கு இது ஏன் தோன்றவில்லை?

அவள் வரைந்து செய்த கேஜ் பாஸ் பண்ணிய புஷ்களை அளவு அறையில் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரே ஒரு கெட்டது அகப்படாதா என்று காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டே அளந்தேன்.

“என்னக்கா, சாப்பிடாம அளந்துக்கினு இருக்கீங்க?” என்று எட்டிப் பார்த்தாள்.

“வேலைன்னா அப்படித்தான்” என்றேன் வெடுக்கென்று.

அத்தனையும் நல்லது. சரி என்று கையெழுத்துப் போடும்போது பேனா அழுந்திக் காகிதமே கிழிந்தது.

அவள்தான் இன்சார்ஜ் என்று முதலாளி எல்லோர் முன்னும் சொன்னார். உடனே இவள், “கோ பக்கம்தான் சார் தேயும். அங்க அக்கா விட்ட மார்ஜின்ல நான் கையே வெக்கல. அது இல்லன்னா இந்த கேஜ் தாங்காது” என்றாள். எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

சாயங்காலம் வழக்கம்போல என் ஸ்கூட்டரில்தான் ஏறினாள். “மெதுவா போங்கக்கா” என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். பாவி, வாயாரத் திட்டுவதற்கு ஒரு குறையாவது வைத்தாளா?