கிழிந்த ஸ்பீக்கர்

இன்று செல்போன் கடையில் வயர் கருகிய வாடை வந்தது. அந்தக் காலத்தில் ராஜபாளையத்தில் காதர் பாயின் கேசட் கடையில் இந்த வாடை எப்போதும் இருக்கும். வெள்ளிதோறும் தொழுகை முடிந்து வந்து புதிதாக ஒரு இங்கிலீஷ் ஹெவி மெட்டல் பாட்டுக் கேசட்டைப் போடுவார். பாட்டு நல்லதா மட்டமா என்று மில் ஆட்கள் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவார்கள், மில் இரைச்சலில் காது மந்தமாகிப்போன எங்கள் அண்ணன் மட்டும் எல்லா வாரமும் "சத்தம் பத்தல பாய்" என்பான். ஒரு வெள்ளி அவனே வால்யூமை முழுசாகத் திருகிவிட்டான். கடையிலிருந்த ஒரே ஸ்பீக்கர் கிழிந்தது.

பாய் ஸ்டூலைத் தூக்கி அவன் மண்டையில் அடித்தார். ரத்தம் கழுத்தில் இறங்கியது.

"எஞ் சோத்துல மண்ணப் போட்டியேலே!"

அண்ணன் சிரித்தான்.

"இன்னைக்குத்தான் பாய் எனக்குக் காதுல கேட்டுச்சு. அம்புட்டும் நல்ல பாட்டு."

பாய் கேசட்டை உருவி அவன் பையில் திணித்தார்.

"கொண்டு போலே. இனி எனக்கெதுக்கு?"

மறு வெள்ளி கடை திறக்கவில்லை.