மங்கை போன் செய்யாத மத்தியானம்

மூன்று மாவட்டங்களுக்கு மழை சொல்லும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடும் என்று எல்லாப் பக்கமும் அடைத்து ஏ.சி. போட்டிருந்தார்கள். திருப்பதியில் அந்தத் தனியார் வானிலை கம்பெனியில் வேலை பார்த்த அலர்மேல்மங்கைக்கு நிஜ வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழிவறை வரை போக வேண்டும். அங்கே ஒரு வென்டிலேட்டர் உண்டு. அவள் போக மாட்டாள். சம்பளம் தருகிற வானம் திரையில்தான் இருக்கிறது என்பாள்.

திரைகள் மூன்று. ஒன்றில் ராடார், ஒன்றில் செயற்கைக்கோள் படம். நடுத்திரையில் அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். எங்கெங்கோ அடிக்கிற மின்னலெல்லாம் அதில் புள்ளிகளாக முளைக்கும். புள்ளிகள் போகிற திசையைப் பார்த்து மவுஸால் ஒரு கட்டம் வரைய வேண்டியது மங்கையின் வேலை. மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்களை அதுவே பொறுக்கி, எச்சரிக்கையைத் தெலுங்கில் எழுதி, அங்குள்ள செல்போன்களுக்கெல்லாம் அனுப்பிவிடும்.

இதில் ஒரே ஒரு சங்கடம், அவளுடைய சொந்த ஊர். சத்தியவேட்டுக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் அந்தத் தமிழ் ஊரில் தெலுங்கு பேசத் தெரியாத ஆள் இல்லை. வாசிக்கத் தெரிந்த ஆளும் அவ்வளவாக இல்லை. சந்தையில் தெலுங்கில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு, பஸ் போர்டுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பார்கள். தெலுங்கு படித்த பிள்ளைகளோ பகலெல்லாம் ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்குள் இருந்தார்கள். மங்கையின் அண்ணன் துலுக்காணம் ஐந்தாவது வரை தமிழ் படித்தவன். போனில் தெலுங்கில் எது வந்தாலும் ரீசார்ஜ் விளம்பரம் என்று அழித்துவிடுவான். தமிழிலும் அனுப்ப வழி உண்டா என்று மங்கை தன் மேலாளர் ஹரிபாபுவைக் கேட்டுப் பார்த்தாள். மாநிலத்துக்கு ஒரு மொழிதான் மென்பொருளில் இருக்கிறது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மழைக்கு மாநிலம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

ஆகவே ஊர் தானாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. கட்டம் வரைந்த கையோடு மங்கை அண்ணனுக்குப் போன் போடுவாள். அவன் வரப்பில் நின்று கத்துவான். அந்தக் கழனி அடுத்த கழனிக்குக் கத்தும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் கடைசிக் கண்ணி, துலுக்காணத்தின் தொண்டை.

அந்தச் சித்திரையில் வேர்க்கடலை பிடுங்கும் நேரத்தில் அவள் ஒரு போன் போட்டாள். துலுக்காணம் கத்தினான். கூலிக்கு வந்த பெண்களெல்லாம் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். மேகம் என்ன நினைத்ததோ, நெல்லூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. சாயங்காலம் வரை வெயில் கொளுத்தியது. டீக்கடையில் மாசிலாமணி விடுவானா?

"இன்னா துலுக்காணம், உன் தங்கச்சி அனுப்பிச்ச மழ எங்க? பஸ்ஸு கெடைக்காம திருப்பதியிலியே நின்னுக்கினு கீதா?"

கடையே சிரித்தது. துலுக்காணம் அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டான்.

"இனிமே எனக்குப் போன் பண்ணாத மங்கா. எனக்கும் கண்ணு கீது, வானத்தப் பாத்துக்குவேன். நீ ஏ.சி. ரூமுல குந்திக்கினு இன்னாத்தக் கண்ட?"

"சரிண்ணா. பண்ணல."

இரவு அண்ணி பாப்பாத்தி தனியாகக் கூப்பிட்டாள். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவனும் அவளும்தான். "அது அப்பிடித்தான் கத்தும், துன்னுட்டு மறந்துபூடும். நீ மனசுல வெச்சிக்காத" என்றாள். மங்கை மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பலமனேர் மேட்டில் மேகம் கட்டியது. சந்திரகிரியைத் தாண்டும்போது திரையில் புள்ளிகள் வெல்லத்தை மொய்க்கும் எறும்பாகிவிட்டன. மங்கை கட்டம் வரைந்தாள். அதன் கீழ்மூலையில் அவளுடைய ஊர் இருந்தது. அனுப்பினாள். போனைக் கையில் எடுத்தாள்.

அண்ணன் அந்த எச்சரிக்கையைப் படிக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். எச்சரிக்கை போயாகிவிட்டது, அவனுக்குத்தான் கண் இருக்கிறதே என்றும் அவளுக்குத் தெரியும். எல்லாமே உண்மைதான். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கட்டத்தை வரையத் தொடங்கினாள்.

கழனியில் தலைக்கு மேல் வெயில். மேற்கே மட்டும் உறுமியது. பாப்பாத்தி புருஷனைக் கேட்டாள், "மங்கா போன் பண்ணிச்சா?"

"இல்ல."

"அப்ப வராது."

கூலிக்காரப் பெண்களும் அதைக் கேட்டுவிட்டுக் காய் ஆய்ந்துகொண்டே இருந்தார்கள். திடீரென்று தூறல் விழுந்ததும் எல்லோரும் ஓட, பாப்பாத்தி மட்டும் பனைமரத்தடியில் குவித்திருந்த கடலையைத் தார்ப்பாய் போட்டு மூடத் திரும்பிப் போனாள். மின்னல் பனைமரத்தில் இறங்கியது.

மங்கை ஊர் போய்ச் சேர்ந்தபோது துலுக்காணம் அழவில்லை. தாமதமாக வந்த விருந்தாளிக்கு விவரம் சொல்வதுபோல் சொன்னான்: "நீ போன் பண்ணல மங்கா. அதான் மழ இல்லன்னு இருந்துட்டோம்."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. பண்ணாதே என்று சொன்னது அவன் நினைவிலேயே இல்லை போலிருந்தது. அவள் பேசாமலிருந்ததையும் அவர்கள் வானிலை அறிக்கையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மென்பொருளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அனுப்பிய எச்சரிக்கைகள் பலித்தனவா என்று மாதக் கடைசியில் மார்க் போடும். பலித்த கட்டம் பச்சை, பொய்த்தது சிவப்பு. நெல்லூர்ப் பக்கம் போன மழையின் கட்டம் சிவப்பில் கிடந்தது. அந்த மத்தியானக் கட்டம் முழுப் பச்சை. அந்தக் கோடையின் மிகச் சிறந்த எச்சரிக்கை அதுதான் என்று ஹரிபாபு பெரிய திரையில் போட்டுக் காட்டினார். யாரோ ஒரு அண்ணி இறந்ததற்காக அவள் லீவு போட்டது அவருக்குத் தெரியும். எங்கே, எதனால் என்று அவள் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். மங்கையும் தட்டினாள்.

ஆவணியில் மறுபடியும் மேகம் கிழக்கே நகர்ந்தது. இந்தத் தடவை கட்டம் வரைவதற்கு முன்பே போன் போட்டு மழையைச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் போட்டாள்.

"அண்ணா, எங்க கீற?"

"வூட்லதான்."

"காத்து இரையுது. கழனியிலதான நிக்கிற?"

"நின்னா இன்னா இப்ப?"

"வூட்டுக்குப் போ."

"எனக்கு இன்னா ஆவப்போது? ஊருக்குச் சொல்லிட்டேன், எல்லாம் பூட்டாங்க. நீ வேலையப் பாரு."

"நீ உள்ள போற வரிக்கும் நான் வெக்க மாட்டேன்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டம் வரைந்தாள். ஹரிபாபு எட்டிப் பார்த்தார், அவள் திரும்பவில்லை. ஊரை நோக்கிப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. காதுக்குள் காற்று. அவன் நகரவில்லை.

"நடண்ணா."

"உனுக்கு வேற வேல இல்லியா?"

"இல்ல. நட."

பிறகு சேற்றில் கால் புதைந்து எடுக்கிற சத்தம், மூச்சிரைப்பு, கதவு இழுபடுகிற சத்தம். அதற்குப் பிறகு கூரைத் தகட்டின்மேல் மழை.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்" என்றான் துலுக்காணம். மழை பலத்தது. "உள்ள யாரும் இல்லியே, மங்கா."