வளைந்த கட்டம்

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடையில் வேலை பார்க்கிறேன். இப்போது பாதிச் சேலை போனிலேயே விற்றுவிடுகிறது. அதற்காகச் சென்னையிலிருந்து வந்து சேலை கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் பெண்கள் எல்லோரும் ஒடிசலாக, வெள்ளையாக இருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள். "எனக்குச் சுத்து எட்டுமா? கொசுவம் விழுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "தாராளமா எட்டும். நானும் கனத்த உடம்புதான், இதே சேலை வச்சிருக்கேன்" என்பேன். அதற்குப் பிறகுதான் நிறத்தைப் பற்றியே பேச ஆரம்பிப்பார்கள்.

ஒருநாள் இதை முதலாளியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிடச் சின்னவர். நகரத்தார் வீட்டுப் பெண் என்பதால் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"அக்கா, போன்ல சொல்றதப் படத்துலயே காட்டிருவோம். அரக்குக் கட்டம் ஒண்ணு உடுத்திக்கிட்டு வாங்க."

"விளையாடுறீகளா ஆச்சி? நான் நின்னா சேலை தெரியாது, நான்தான் தெரிவேன்."

"தெரியட்டுமே."

சரி என்று வாய் சொல்லிவிட்டது. பிறகுதான் யோசித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்தவர்கள் கையில் எல்லாம் என் படம் போகுமே என்று பயம். அதைவிட மகளை நினைத்துத்தான் பயம். கல்லூரியில் படிக்கிறாள், என் உடம்புவாகுதான் அவளுக்கும். கூட்டமாகப் படம் எடுத்தால் பின்வரிசையில் போய் ஒளிகிறவள். 'உங்க அம்மாவாடி இது' என்று எவளாவது போனை நீட்டினால் பிள்ளை எங்கே போய் ஒளியும்?

கடையில் படம் எடுத்துப் போடும் பெண், "அங்குட்டு வெளிச்சத்துக்கு வாங்கக்கா" என்றாள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். முந்தானையை இழுத்து வயிற்றை மூடினேன். ஆச்சி அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவளிடம், "ஏத்தா, போன்லயே ஆள மெலிய வைக்கலாமாமே. லேசா இடுப்பக் குறைச்சு, கொஞ்சம் வெளுப்பும் போட்டு விடேன்" என்றேன்.

"ஆச்சிக்குத் தெரிஞ்சா வைவாகக்கா."

"எப்படித் தெரியும்? மாதா சத்தியமா நான் சொல்ல மாட்டேன்."

விரலால் அங்கே இங்கே தள்ளினாள். போனில் வேறு யாரோ நின்றாள். என் தங்கச்சி என்று சொன்னால் நம்பலாம். மகள் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை ஆச்சியிடம் காட்டினாள். அதில் என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கி நேராக இடுப்புப் பக்கம் போனார்.

"கட்டம் ஏன் இப்படி வளையுது? நெசவு கோணலா?" இன்னும் பெரிதாக்கினார். "அரக்கு ரோஸாப் போயிருக்கு. சாயம் போன சேலையவா எடுத்தீக?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். விஷயம் புரிந்ததும் ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க இடுப்பக் குறைக்கப் போயி என் சேலையக் கெடுத்துப்புட்டீகளேக்கா." பிறகு சிரிப்பை நிறுத்தி, "மனசில்லைன்னா சொல்லுங்க. விட்டுருவோம்" என்றார்.

விட்டுவிடுங்கள் என்று சொல்ல இருந்தேன். போன் அடித்தது. சிங்கம்புணரியிலிருந்து ஒரு பெண். சுத்து எட்டுமா என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"நெசமாவா? இல்ல, விக்கிறதுக்காகச் சொல்றீகளா? இப்படி நம்பித்தான் போன தீபாவளிக்கு வாங்கி, மடிச்சபடியே கெடக்கு."

அந்தக் குரல் என் குரல் மாதிரியே இருந்தது. "செத்த இருங்க, படம் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி நின்றேன். முந்தானையை அதன் போக்கில் விட்டேன். கொசுவம் கொஞ்சம்தான் விழுந்தது. அதை மறைக்கவில்லை. கட்டம் வயிற்றின் மேல் ஏறி இறங்கியது, கோணவில்லை.

சிங்கம்புணரிக்கு அனுப்பியதையே கடையின் இணையப் பக்கத்திலும் போட்டார்கள். அரக்கு இருக்கிறதா என்று பெண்கள் கேட்டிருந்தார்கள். இந்த அக்கா உள்ளே போகக் கடை வாசல் பத்துமா என்று ஒருவன் எழுதியிருந்தான். நாள் முழுக்க அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சாயங்காலம் மகள் வந்து பையை வைத்தாள்.

"பாத்தியாத்தா?"

"ம்."

தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு போட்டு முடிப்பதற்குள், வேலையை விட்டுவிட்டு வேறு எங்கே கேட்பது என்பது வரை யோசித்துவிட்டேன்.

"மூச்ச இழுத்துக்கிட்டு நின்னியாம்மா?"

"மொதல்ல நின்னேன். அப்பறம் விட்டுட்டேன்."

"தெரியுது. மூஞ்சி நல்லாருக்கு. எம் படத்துல எல்லாம் மூச்சு முட்டுற மாதிரியே இருப்பேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்தச் சேலையில எனக்குக் கொசுவம் விழுமா?"

எத்தனையோ பேருக்குப் போனில் சொன்ன பதிலை இவளுக்குக் கட்டியே காட்டிவிடலாம் என்று தோன்றியது. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்து, பெட்டியிலிருந்து என் அரக்குக் கட்டத்தை எடுத்து வந்தேன். கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சேலை இடுப்பில் பட்டதும் மூச்சை உள்ளே இழுத்தாள்.

"விடுத்தா" என்றேன்.