ஓடி வருகிறவர்களுக்கு நிற்பதில்லை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் ட்ராம் ஓட்ட வருமுன் பல வருடம் பஸ் ஓட்டியவன் நான். யார் ஓடி வந்தாலும் நிற்பேன். கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தால் போதும், கதவு திறக்கும். மழையில் நனைந்து ஏறுகிற டெனிஷ்காரர் நன்றி சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். எங்கட சனத்தைக் கேட்கவே வேண்டாம். ஒருவர் கதவில் காலை வைத்துக்கொண்டு, ஆடி அசைந்து வரும் முழுக் குடும்பத்தையும் "வாறினம், வாறினம்" என்று ஏற்றிவிடுவார். அதற்கும் நின்றேன்.

அந்தப் பழக்கத்தோடேயே ட்ராமுக்கும் வந்தேன். ஒருவருக்காகக் கொஞ்சம் நின்றால் அடுத்த சந்தியில் எங்களுக்கு வழிவிடும் சிக்னல் தவறிப்போகும். அதற்குள் அடுத்த தரிப்பில் சனம் கூடிவிடும். அவ்வளவு பேரும் ஏற இன்னும் தாமதம். பின்னால் வரும் ட்ராமோ பாதி காலியாக என்னை ஒட்டிக்கொண்டு நிற்கும். தண்டவாளத்தில் முந்தவும் வழியில்லை.

இதில் மாட்டுப்பட்டவள் என் மனைவி. என் ட்ராமில் வந்து இறங்கி, பஸ் மாறி, முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிந்திப் போய் ஏற்கெனவே பேச்சு வாங்கியிருந்தாள். மறுபடியும் பஸ்ஸைத் தவறவிட்ட நாளில், சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் இரக்கம் பாருங்கோ. என்ர வேலை போகட்டும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. அடுத்த நாளே மாறினேன். நேரம் வந்தால் கதவு மூடும், அவ்வளவுதான். முதலில் கண்ணாடியைப் பார்க்கவே மனம் வரவில்லை. ஆனால் சிக்னல்கள் வரிசையாக வழிவிட்டன, மனைவி ஆறுதலாக நடந்துபோய் பஸ் ஏறினாள். எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. அந்த பஸ்ஸை ஓட்டும் என் பழைய சிநேகிதனையும் பிடித்து, ஒருவருக்கும் நிற்காதே என்று பாடம் எடுத்தேன். பாவம், தலையை ஆட்டிக் கேட்டான்.

ஒரு காலை, வெளிக்கிடும் நேரம். கண்ணாடியில் சிவப்பு ஜாக்கெட்டோடு ஒருத்தி ஓடி வருகிறாள். ஐயோ, என் மனிசி! வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் கதைக்க அன்று காலைதான் மேலாளர் வரச் சொல்லியிருந்தார். நேரம் வந்துவிட்டது. கதவை மூடினேன்.

பின்னேரம் பயந்து பயந்து வீட்டுக்குள் நுழைந்தால் பாயாசம் மணக்கிறது. வேலை கிடைத்துவிட்டது. எப்படி என்று கேட்டேன். அடுத்த ட்ராமில் வந்து இறங்கியபோது பஸ் வெளிக்கிடும் நேரம் கடந்துவிட்டதாம். ஆனாலும் இவள் ஓடி வருவதைக் கண்டு சாரதி கதவைத் திறந்து வைத்திருந்தாராம்.

"உங்கட சிநேகிதன்தான்," என்றாள். "நீங்கள் சொல்லிக் குடுத்தது ஒண்டும் அவற்ர மண்டையில ஏறேல்லை. நல்லகாலம்."

எனக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் பாயாசம் கிடைத்தது. அவனுக்கு ஒரு பெரிய போத்தல் நிறைய எடுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம்.