மூன்று பேர் சீட்டில் ஒரு குளோரின்

நாளை என் பிளஸ் ஒன் வேதியியல் வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார். எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ அணுவின் அளவு என்ன ஆகும் என்பதுதான் பாடம். நல்ல உதாரணம் சிக்காமல் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பென்னாகரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பூக்கூடையோடு ஓர் அக்கா ஏறினார்.

"கொஞ்சம் ஒட்டி உக்காருங்க, நாலு பேரு தாராளமா உக்காரலாம்" என்றார் கண்டக்டர்.

உதாரணம் கிடைத்துவிட்டது! குளோரினுக்கு ஒரு எலக்ட்ரான் கூடுகிறது!

அப்புறம்தான் உறைத்தது. அங்கே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அணு பெரிதாகும். இங்கே நான் மூச்சை அடக்கிச் சிறுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அக்கா இறங்கும்போதாவது எலக்ட்ரானை இழக்கும் சோடியத்துக்கு உதாரணம் கிடைக்கும் என்று காத்திருந்தேன். எலக்ட்ரான் ஒன்று போனதும் மிச்சத்தை உட்கரு இறுக்கி இழுக்க, அணு சிறுக்க வேண்டும்.

அக்கா இறங்கினார். ஜன்னலோரத்து அம்மா காலை அகட்டி, பையையும் சீட்டில் வைத்தார்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்களேன்" என்று கெஞ்சினேன்.

"எதுக்குங்க? அதான் இவ்ளோ எடம் கெடக்குதே!"

அணுவைப் போல நடந்துகொள்ளும் பஸ் எந்த ரூட்டில் ஓடுகிறதென்று தெரிந்தவர்கள் காலைக்குள் சொல்லுங்கள். அதிகாரியையும் அதிலேயே ஏற்றிவிடுகிறேன்.