கரித்த தீர்த்தம்

தீவு ஊரான புளியங்கூடலில், எங்கள் வீடிருக்கும் ஒழுங்கையில் நல்ல தண்ணீர்க் கிணறு எங்களுடையது ஒன்றுதான். மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. விடிந்தால் சனம் கலன்களோடு வரும். கோயில் அபிசேகத்துக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

என் மனுசன் வெங்காயத் தோட்டக்காரர். திருநீறு பூசாமல் மோட்டரில் கை வைக்கமாட்டார், அவ்வளவு பக்தி. போன வருடம் வெங்காய விலை ஏறத் தொடங்கியதும் அவருக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் காணி போதாதென்று, பக்கத்தில் பற்றை மண்டிக் கிடந்த வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவரின் காணியையும் கேட்டு வாங்கித் துப்புரவாக்கி நட்டார். விளைச்சல் நல்லாய் வந்தால் அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதாக நேர்த்தி வேறு.

"அம்மனையும் பங்காளியாக்கிப் போட்டியள்" என்று பகிடி பண்ணினேன். சிரித்தார். மோட்டரை மட்டும் நிற்பாட்டவில்லை.

தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலேதான் நிற்கும். அதற்குக் கீழே உவர். வாளியால் அள்ளினால் பாதகமில்லை; மோட்டரால் உறிஞ்சினால் கீழே கிடப்பது மேலே வந்துவிடும். இங்கே பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டுதான் மனுசன் காலையும் மாலையும் இறைத்தார். ஒருநாள் தண்ணீர் லேசாகக் கரித்தது. சொன்னேன்.

"இன்னும் ரெண்டு மூண்டு இறைப்புத்தான். பிறகு கிணறு தன்பாட்டில தேறும். சும்மா இரும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சோறு போட்டேன், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அபிசேகம் முடிந்து ஐயர் தீர்த்தம் கொடுத்தார். ஆண்கள் பக்கத்தில் இவர் கையேந்தினார். வாயில் விட்டதும் முகம் மாறியதைக் கண்டேன். நானும் குடித்தேன். உப்பு. அது யாருடைய கிணற்றுத் தண்ணீர் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. பக்தியோடு குடித்து, கையில் மிஞ்சிய ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள். முன்வீட்டுப் பிள்ளைத்தாச்சியும் அப்படித்தான். தினமும் எங்களிடம் தண்ணீர் அள்ளுகிறவள் அவள்.

வீட்டுக்கு வந்தவர் வேட்டியை மாற்றாமலே போய் மோட்டர்க் குழாயைக் கழற்றினார். அம்மனுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "ஒரு அருச்சனை செய்தால் எல்லாம் சரிவரும்" என்றேன், குத்தலாகத்தான்.

"அம்மன் பொறுத்திடுவா," என்றார். "அந்தப் பிள்ளை வயித்துப் பிள்ளையோட உந்தத் தண்ணியை எத்தினை நாளாய்க் குடிச்சுதோ? ஏன் இப்பிடிச் செய்யிறியள் எண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லையே. வெங்காயம் போகட்டும்."

இத்தனை வருடம் அவர் தேவாரம் பாடிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவருடைய பக்தியை நான் முழுதாக நம்பினேன்.

பக்கத்துக் காணி எங்கள் கண்முன்னே மஞ்சளாகிப் படுத்தது. எங்கள் காணியிலும் பாதி போனது. விலையோ இன்னும் ஏறியது. சில பின்னேரங்களில் மோட்டர்க் கொட்டிலைப் பார்த்தபடி நிற்பார். நான் குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். முன்வீட்டுக்காரிக்கென்று வேறு ஊர்க் கிணற்றிலிருந்து மோட்டர் சைக்கிளில் கலன் கட்டிக்கொண்டு வந்தார். மெல்ல மெல்ல எங்கள் கிணறு தேறியது. ஒருநாள் அவளே வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இப்ப நல்லாயிருக்கு அண்ணை" என்றாள். மனுசன் தலையை ஆட்டிவிட்டு, அவளுடைய கலனைத் தானே வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

வெங்காயத்துக்கு விலை பேச வந்த வியாபாரி காய்ந்த காணியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இவர் வாசலில் தலை குனிந்து நின்றார்.

"என்னக்கா, கிணத்தில தண்ணி இல்லையோ?"

"கிணறு நிறையத் தண்ணி இருக்கு," என்றேன். "அது சனம் குடிக்க. இவர்தான் விட்டு வைச்சவர்."

என் வாழ்நாளில் ஒரு நட்டத்தை அவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நான் சொன்னதில்லை.