காஸ் அடுப்பும் கருப்பையாவின் கரியும்

சாப்பிடுகிறவர் வாயைத் திறக்காத வரைக்கும்தான் சமையல்காரனுக்கு நல்ல பெயர். பிறருக்கு ஆக்கிப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். இலங்கை மலையகத்தில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் கோக்கியாக இருந்தேன். கோக்கி என்றால் அங்கே சமையல்காரன்.

புது அடுப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் துரை ஒரு காஸ் அடுப்பை வாங்கி இறக்கினார். கறியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் நெருப்பு மேலேயிருந்து சுடும். கரி அடுப்பில் கொழுப்பு தணலில் சொட்டும். எழும் புகை கறியில் ஏறும். இதில் கொழுப்பு தட்டில் விழுந்து சும்மா கிடந்தது. துரை ஒரு வாய் மென்றார். தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டார்:

“கோக்கி, இது கறியா, காகிதமா? புகை எங்கே?”

தைல மரம்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தைல மரச் சுள்ளியை ஒரு டின்னில் போட்டுக் கறிக்கு அடியில் புகைய விட்டேன். பங்களா முழுக்க மணந்தது, கறி மணம் மட்டும் இல்லை. துரைசாணி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“யாருக்குச் சளி பிடிச்சிருக்கு?”

மிலாறு

இரண்டு மூன்று ஞாயிறு இப்படியே போனது. அடுத்த ஞாயிறு விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் கறி சரியாகாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள் வருவான் என்று துரைசாணி சொல்லிவிட்டார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் எனக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும். பயந்துதான் போனேன்.

பங்களாவுக்குக் கரி சுட்டுத் தருகிறவன் கருப்பையா. மலையில் சறுக்கி முழங்கால் போனதால் அவனுக்குக் கிடைத்த வேலை அது. என் கறி கெட்டால் துரை திரும்பக் கரியைக் கேட்பார். அவன் வேலையும் நிலைக்கும். அப்படிப்பட்டவன் மறுநாள் ஒரு கட்டு மிலாறோடு வந்து நின்றான். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிதான் மிலாறு. லேசாக நனைத்து, மூடியில் துளை போட்ட டின்னில் அடைத்து, சின்ன நெருப்பில் வைக்கச் சொன்னான். “அப்ப உன் கரி என்னாகும்டா?” என்றேன்.

“மொதல்ல ஒங்க அடுப்பு எரியட்டும்ண்ணே. என் பாட்ட பொறகு பாத்துக்குவோம்.”

பாராட்டு

அந்த ஞாயிறு விருந்தாளிகள் எலும்பைக்கூட விடவில்லை. துரை சமையலறைக்கே வந்து என் தோளைத் தட்டினார்.

“ரொம்ப நல்லது கோக்கி! இனி கரி வேணாம். நாளைக்கு கருப்பையாவ பெரட்டுக்கு அனுப்பு.”

பெரட்டில்

பெரட்டு என்றால் காலையில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புகிற இடம். அவன் காலைப் பற்றித் துரையிடம் சொன்னேன், மிலாறு அவன் தந்தது என்றும் சொன்னேன். லேசான வேலை கொடுப்பார்கள் என்றார். சரிவான மலையில் லேசான வேலை ஏது? புல்லு வெட்டப் போட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மழை நாளில், புல்லு வெட்டும் சுரண்டியை ஊன்றிக்கொண்டு லயத்துப் பாதையில் நொண்டி நொண்டி வந்தான். திட்டுவான் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டது இதுதான்:

“என்னண்ணே, தொரைக்கு அந்தக் கறி இன்னமும் புடிக்குதுங்களா?”

ருசிக்கு என்ன காரணம் என்று யார் கேட்டாலும் கைமணம் என்றே சொல்லி வைக்கிறேன். உண்மையைச் சொன்னால் கேட்டவருக்கும் சோறு இறங்காது, எனக்கும் இறங்காது.